காசநோய்த் தடுப்பூசியும் உயிரணுக்களின் நினைவாற்றலும்

முன்னுரை

மாந்தர் குலத்தை நெடுங்காலமாக வாட்டி வரும் நோய்களுள் காசநோய் முதன்மையானது. எலும்புருக்கி நோய் என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் இதனை வழங்கினர். உடலை உள்ளிருந்து தேய்த்து, என்பும் தோலுமாக்கி, இறுதியில் உயிரையும் கவர்ந்து செல்லும் இதன் இயல்பை அப்பெயர்களே உணர்த்தும். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், செருமானிய மருத்துவ அறிஞர் இராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைத் தாம் கண்டறிந்த செய்தியைப் பெர்லின் நகரில் வெளியிட்டார். அன்று தொட்டு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. எனினும் நோய் ஒழிந்தபாடில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 12½ இலட்சம் பேர் மாண்டனர். நோயுற்றோரில் நான்கில் ஒருவர் நம் இந்தியர் என்பது நெஞ்சைச் சுடும் உண்மையாகும்.

இந்நோய்க்கெதிராக நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடப்படும் தடுப்பூசியே பி.சி.ஜி. என்பது. நம்மிற் பெரும்பாலோர் இடக்கையின் மேற்புறத்தில் அதன் வடுவைத் தாங்கி நிற்கின்றோம். அவ்வடுவைக் குறித்து மக்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. "தடுப்பூசி போட்டாயிற்று, இனி வாழ்நாள் முழுவதும் காசநோய் அண்டாது" என்று நம்புவோர் ஒரு சாரார். "தடுப்பூசி போட்டவர்க்கும் நோய் வருகின்றதே! பின் அதனால் பயன் யாது?" என வினவுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் முழு உண்மையல்ல. ஊசி இட்ட பின் நம் உடலின் உயிரணுக்கள் என்ன செய்கின்றன என்பதை அறிந்தால், இவ்விரு சாராரும் எங்கே பிழைபடுகின்றனர் என்பது விளங்கும். அதனை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதிநீரா? உயிரணுவா?

நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் எங்கே உறைகின்றது என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞரிடையே பெரும் வழக்காக நடைபெற்றது. உருசிய நாட்டு அறிஞர் மெச்னிக்காஃப், 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் விண்மீன் வடிவக் கடலுயிரி ஒன்றின் இளம்புழுவை ஆராய்ந்தார். அதன் உடலில் செருகப்பட்ட முள்ளைச் சூழ்ந்து சில உயிரணுக்கள் திரள்வதைக் கண்டார். அயற்பொருளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்களே உடலின் காவலர் என்பது அவர்தம் கொள்கையாயிற்று. மறுபுறம், பெரிங், கிட்டசாட்டோ ஆகிய அறிஞர்கள் 1890இல் வேறோர் உண்மையைக் கண்டனர். நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதிநீரைப் பிறிதொரு விலங்கிற்குச் செலுத்த, அதுவும் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து காப்புப் பெற்றது. ஆதலின் குருதிநீரில் கலந்துள்ள எதிர்ப்பொருளே காவல் என்றனர் இவ்வணியினர்.

இரு சாராரும் உண்மையின் ஒரு பகுதியையே கண்டனர் என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1908இல் மெச்னிக்காஃபுக்கும், எதிர்ப்பொருள் கொள்கையினரான பால் எர்லிச்சுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றமை இதற்குச் சான்றாகும்.

காசநோயைப் பொறுத்தவரையில் இவ்வழக்கின் தீர்ப்பு உயிரணுக்களின் பக்கமே சாய்ந்தது. 1945இல் மெரில் சேசு என்னும் அமெரிக்க அறிஞர் கினி எலிகளைக் கொண்டு ஆய்வு நிகழ்த்தினார். காசநோய் நுண்ணுயிரிக்கு எதிராக உணர்வு பெற்ற ஒரு விலங்கின் குருதிநீரை மற்றொன்றுக்குச் செலுத்தியபோது யாதும் நிகழவில்லை. அதன் வெள்ளணுக்களைச் செலுத்தியபோதோ, அவ்வுணர்வு புதிய விலங்கிற்கும் வந்தெய்தியது.

இதன் காரணம் எளிதில் விளங்கும். காசநோய் நுண்ணுயிரி வெளியே திரியும் பகைவன் அன்று. வீட்டினுள் புகுந்து ஒளியும் பகைவன். நம்மைக் காக்க வேண்டிய உயிரணுவையே தன் உறைவிடமாக்கிக் கொள்வது அதன் இயல்பு. குருதியில் மிதக்கும் எதிர்ப்பொருள் அவ்வீட்டின் சுவரைத் தாண்டி உட்புகுவது அரிது. ஆகவே, வீட்டுக்குரியவனை விழிக்கச் செய்தே பகைவனை அழித்தல் வேண்டும். பி.சி.ஜி. தடுப்பூசி செய்ய முயல்வது இதுவே.

தடுப்பூசி பிறந்த வரலாறு

பிரான்சு நாட்டின் லீல் நகரப் பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் என்னும் இருவர் பணியாற்றினர். முன்னவர் மருத்துவர், பின்னவர் கால்நடை மருத்துவர். மாட்டினத்தில் காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்ந்த உருளைக்கிழங்குத் துண்டின்மீது அவர்கள் வளர்த்தனர். ஒரு முறை வளர்ந்ததை எடுத்துப் புதிய துண்டில் இடுவது. அது வளர்ந்தபின் மீண்டும் மாற்றுவது. 1908இல் தொடங்கிய இப்பணியை 13 ஆண்டுகளில் 230 முறை இடையறாது செய்தனர். முதல் உலகப் போரின்போது லீல் நகரம் செருமானியர் வசமான காலத்தும் அவர்கள் இதனைக் கைவிடவில்லை. இறுதியில், உயிரோடிருந்தும் நோய் செய்யும் வன்மையை இழந்த நுண்ணுயிரி கிடைத்தது. "கால்மெட் - கெரான் நுண்ணுயிரி" எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகளே பி.சி.ஜி. ஆகும்.

1921இல் பாரிசு நகரில் பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு இது முதன்முதலாக வாய்வழி புகட்டப்பெற்றது. அக்குழந்தையின் தாய் காசநோயால் இறந்தவர். வளர்க்க இருந்த பாட்டியும் அந்நோயினர். குழந்தை நலமே வளர்ந்தது.

ஆயினும் 1930இல் செருமனியின் லூபெக் நகரில் ஒரு பேரிடர் நேர்ந்தது. தடுப்பு மருந்து உண்ட குழந்தைகளுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகர ஆய்வகத்தில், வன்மை குன்றாத காசநோய் நுண்ணுயிரி தடுப்பு மருந்தோடு கலந்துவிட்டமையே காரணம் என்பதும், பி.சி.ஜி. மீது குற்றமில்லை என்பதும் பின்னர் நிலைநாட்டப்பெற்றன.

கால்மெட்டின் நுண்ணுயிரி எதனை இழந்ததால் சாதுவாயிற்று என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1990களில் மரபணு ஆய்வு வளர்ந்தபின் அம்மறை வெளிப்பட்டது. நுண்ணுயிரியின் மரபணுத் தொகுதியில் ஒரு சிறு பகுதி பி.சி.ஜி.யில் அறுந்து போயிருந்தது. உயிரணுவுக்குள் சிறைப்பட்ட நுண்ணுயிரி அச்சிறையின் சுவரைச் சிதைத்து வெளியேற உதவும் புரதங்களை ஆக்குவது அப்பகுதியே. பூட்டுடைக்கும் கருவியை இழந்த திருடனைப் போன்றது பி.சி.ஜி. எனலாம். அது வீட்டினுள் நுழையும். ஆனால் கொள்ளையிட இயலாது. அத்தகைய திருடனைக் காட்டியே காவலரைப் பழக்குகின்றோம்.

தோலுக்குள் நிகழும் போர்

நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இடக்கையின் மேற்புறத்தில், தோலின் அடுக்குகளுக்கிடையே, 0.05 மில்லி லிட்டர் அளவு பி.சி.ஜி. செலுத்தப்படுகிறது, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவு 0.1 மில்லி லிட்டர். அத்துளிக்குள் உயிருள்ள நுண்ணுயிரிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவை தோலுக்குள் புகுந்தவுடன் நிகழ்வனவற்றை நிரல்படக் காண்போம்.

முதற்கண் விரைந்து வருவோர் நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள். சில மணி நேரத்திலேயே அவை ஊசி இட்ட இடத்தில் திரள்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பெருவிழுங்கணுக்கள் வருகின்றன. மேக்ரோஃபேஜ் என அறிவியலார் வழங்கும் இவை, பெயருக்கேற்பப் பகைப்பொருளை விழுங்குவன. நண்பன் யார், பகைவன் யார் என இவை அறிவது எவ்வாறு? நுண்ணுயிரியின் மேலுறையில் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள் உள்ளன. மனித உடலில் இல்லாத அப்பொருள்களைத் தொட்டுணரும் ஏற்பிகள் விழுங்கணுவின் மேற்பரப்பிலும் உட்புறத்திலும் இயல்பாகவே அமைந்துள்ளன. அவை தூண்டப்பெற்றவுடன் உயிரணு விழித்தெழுந்து, அபாயம் அறிவிக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றது.

மூன்றாவதாக வருவது கிளையணு. மரக்கிளைகள் போன்ற நீட்சிகளையுடைய இவ்வணு ஒற்றனுக்கு நிகரானது. நுண்ணுயிரியை விழுங்கிய கிளையணு களத்தில் நில்லாது, நிணநீர்க் குழாய் வழியே பயணம் செய்து, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுவை அடைகின்றது. செல்லும் வழியில், தான் விழுங்கிய நுண்ணுயிரியின் புரதங்களைச் சிறு துண்டுகளாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொள்கிறது. ஊசி போட்ட சில குழந்தைகளுக்கு அக்குளில் சிறு நெறி கட்டுவதன் காரணம் ஈண்டு எண்ணத்தக்கது.

நிணநீர்க் கணுவில் டி-உயிரணுக்கள் கோடிக்கணக்கில் உலவுகின்றன. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் இவை அப்பெயர் பெற்றன. ஒவ்வொரு டி-உயிரணுவும் ஒரே ஒரு வகைப் புரதத் துண்டை மட்டுமே அடையாளம் காண வல்லது. கிளையணு ஏந்தி வந்த துண்டு எந்த டி-உயிரணுவின் ஏற்பியோடு பொருந்துகின்றதோ, அது மட்டுமே தூண்டப்படும். தூண்டப்பெற்ற அணு பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிச் சில நாள்களில் பெரும்படையாகும். அவ்வேளை கிளையணு இன்டர்லியூக்கின்-12 என்னும் சுரப்பை வெளிவிட்டு, அப்படை எத்தகைய போரை நிகழ்த்த வேண்டும் என்பதையும் அறிவுறுத்துகிறது.

இவ்வாறு ஆயத்தமான டி-உயிரணுக்கள் குருதி வழியே ஊசி இட்ட இடத்திற்கு வந்து, காமா இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரக்கின்றன. காசநோய் எதிர்ப்பில் இப்பொருளே தலையாயது. அதுவரை நுண்ணுயிரியை விழுங்கியும் அழிக்க இயலாது தவித்த பெருவிழுங்கணு, இக்கட்டளை கிடைத்தவுடன் புத்துயிர் பெறுகிறது. நுண்ணுயிரி அடைபட்டுள்ள அறைக்குள் அமிலமும் நொதிகளும் பாய்கின்றன. ஒளிந்திருந்த பகைவன் அழிகின்றான். இரு வகை உயிரணுக்கள் கைகோத்தாலன்றி இவ்வெற்றி கிட்டாது. விழுங்கும் அணுவுக்கு வலிமை உண்டு, குறிப்பறியும் திறன் இல்லை. டி-உயிரணுவுக்குக் குறிப்பறியும் திறன் உண்டு, விழுங்கும் வலிமை இல்லை.

இப்போரின் புறத்தோற்றத்தையே தாய்மார்கள் காண்கின்றனர். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஊசி இட்ட இடத்தில் சிறு பரு தோன்றும். மெல்லப் பெருத்து உடைந்து சிறு புண்ணாகும். பின் தானே ஆறி வடுவாகும். இம்முறை முற்றுப்பெற 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். அதனைக் கண்டு அஞ்சி, களிம்போ பச்சிலையோ இடுதல் வேண்டா. அது நோயன்று, உயிரணுக்கள் பாடம் கற்கும் அடையாளமே ஆகும்.

நினைவின் இயல்பு

போர் முடிந்தபின் படையிற் பெரும்பகுதி கலைந்துவிடும். ஆனால் ஒரு சிறு பகுதி நினைவணுக்களாக எஞ்சி உடலெங்கும் உலவும். பின்னாளில் அதே வகை நுண்ணுயிரி புகுமாயின், அவை முன்னினும் விரைந்தும் மிகுந்தும் எழும். முன்கையின் தோலில் டியூபர்குலின் என்னும் புரதக் கலவையைச் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்தில் வீக்கத்தை அளக்கும் மாண்டோ சோதனை இந்நினைவையே அளக்கிறது. அங்குத் தோன்றும் வீக்கம் நினைவணுக்கள் வந்து திரண்டதன் விளைவே.

இவ்வுயிரணுக்களின் இன்றியமையாமைக்கு இயற்கையே சான்று தருகிறது. மிக அரிதாகச் சில குழந்தைகள், காமா இன்டர்ஃபெரானின் கட்டளையைப் பெறும் ஏற்பி இல்லாமலே பிறக்கின்றனர். அத்தகையோர்க்குச் சாதுவான பி.சி.ஜி.யே உடலெங்கும் பரவி உயிருக்கு உலை வைத்ததை 1996இல் அறிஞர் கண்டு காரணத்தை விளக்கினர். எச்.ஐ.வி. தொற்று டி-உயிரணுக்களை அழிக்கின்றது. அத்தொற்றுடையோரைக் காசநோய் எளிதில் பற்றுவதும் அதனாலேயே. ஆகவே, எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய குழந்தைகளுக்கு மருத்துவர் கருத்தறிந்த பின்னரே பி.சி.ஜி. பற்றி முடிவு செய்தல் வேண்டும்.

பயிற்சி பெற்ற காவலர்

நினைவு என்பது டி-உயிரணு போன்றவற்றுக்கே உரியது. விழுங்கணுவுக்கு அது கிடையாது என்றே நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. இக்கருத்தை நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் மறுபரிசீலனைக்கு உட்படுத்தினர். மிஹாய் நெட்டேயா தலைமையிலான அக்குழுவினர், பி.சி.ஜி. இட்டுக்கொண்டோரின் குருதியிலுள்ள ஒற்றையணுக்களை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டனர். விழுங்கணுக்களின் முன்னோடியான அவ்வணுக்கள், ஊசி இட்டுச் சில மாதங்கள் கழிந்த பின்னும், காசநோயோடு தொடர்பே இல்லாத வேறு நுண்ணுயிரிகளைக் கண்டபோதும் முன்னினும் வலுவாக எதிர்வினை ஆற்றின.

இங்கே மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதனைப் படிக்கும் முறையே மாறியது. மரபிழை சுற்றப்பட்டுள்ள புரதங்களில் சில வேதிக்குறிகள் ஏறுகின்றன. அவை, எதிர்ப்புக்குரிய மரபணுக்களை எளிதில் திறந்து படிக்கும் நிலையில் வைக்கின்றன. அடிக்கடி எடுக்கும் நூலின் பக்கத்தில் அடையாளத் தாள் செருகி வைப்பது போன்றது இது. இதனைப் "பயிற்சி பெற்ற தடுப்பாற்றல்" என்கின்றனர். ஒற்றையணுக்கள் குருதியில் சில நாள்களே வாழ்வன. மாதக்கணக்கில் நினைவு நிலைப்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழுவது இயல்பே. எலும்பு மச்சையிலுள்ள மூல உயிரணுக்களே இப்பயிற்சியைப் பெறுகின்றன என்பது 2018இல் எலிகளில் நிகழ்ந்த ஆய்வால் தெளிவாயிற்று. ஊற்றே மாறுமாயின், அதிலிருந்து பெருகும் நீரும் மாறும் அன்றோ!

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குக் காலம் தாழ்த்தாது பி.சி.ஜி. இட்டபோது, முதல் மாதத்து இறப்பு குறைந்ததாகப் பீட்டர் ஆபி குழுவினர் கண்டனர். எனினும் இவ்வாற்றலை அளவுக்கு மீறிப் போற்றுதல் ஆகாது. கொரோனாக் காலத்தில் மருத்துவப் பணியாளர்க்குப் பி.சி.ஜி. இட்டு நடத்தப்பெற்ற பெரிய பன்னாட்டு ஆய்வு, அந்நோயினின்று காப்புக் கிட்டவில்லை என்று 2023இல் அறிவித்தது.

செங்கற்பட்டு தந்த பாடம்

உயிரணுக்கள் இத்துணைச் சிறப்பாகப் பாடம் கற்குமாயின், தடுப்பூசி இட்டோர்க்குக் காசநோய் வருவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடிய உலகின் மிகப் பெரிய ஆய்வு நம் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தியாகும்.

சென்னைக் கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கப்பெற்றது. தொடர்ந்து நாடெங்கும் தடுப்பூசி இயக்கம் பரவியது. இங்கிலாந்தில் 1950இல் பள்ளி முடிக்கும் நிலையிலிருந்த மாணவரிடையே தொடங்கிய ஆய்வு, பி.சி.ஜி. நான்கில் மூன்று பங்குக்கு மேல் காப்பளிப்பதாகக் காட்டியிருந்தது. ஆனால் பிற இடங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் சிலவற்றில் பயன் மிகக் குறைவாகவே தென்பட்டது. உண்மையை உறுதி செய்யவே 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் அதில் பதிவு செய்யப்பெற்றனர். பிரெஞ்சு, தேனிசு ஆகிய இரு வகைப் பி.சி.ஜி.யும் பயன்படுத்தப்பெற்றன; ஒப்புநோக்கும் பொருட்டு ஒரு பகுதியினர்க்கு மருந்தில்லா ஊசி இடப்பெற்றது. எவர்க்கு எது என்பது மக்களுக்கும் தெரியாது; நோயைக் கண்டறிந்த பணியாளர்க்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாகச் சளியையும் கதிர்ப்படத்தையும் சோதித்தனர்.

கிடைத்த முடிவு உலகையே திகைக்க வைத்தது. வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. சிறுவரிடத்துக் காணப்பெற்ற காப்பும் சிறிதளவே.

இதனைக் கேட்டுத் தடுப்பூசியே வீண் எனக் கருதுதல் தவறு. இந்த ஆய்வு முதன்மையாக அளந்தது வளர்ந்தோரின் நுரையீரல் நோயை. பச்சிளங்குழந்தையின் குருதியில் நுண்ணுயிரி கலந்து மூளையுறையைத் தாக்கும் காய்ச்சலையும், உடலெங்கும் தினை போலப் பரவும் கொடிய காசநோயையும் பி.சி.ஜி. தடுக்கின்றது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் ஐயத்திற்கிடமின்றி நிறுவியுள்ளன. மூளையுறைக் காசநோய் வந்தால், பிழைக்கும் குழந்தையும் பார்வையோ செவிப்புலனோ அறிவோ இழக்க நேரிடும். அதனைத் தடுத்தல் ஒன்றே இத்தடுப்பூசியின் பயனுக்குப் போதிய சான்றாகும்.

வேறுபாட்டின் காரணம்

குழந்தையைக் காக்கும் தடுப்பூசி பெரியவரைக் காவாதது ஏன்? அறிஞர் கூறும் காரணங்களுள் மூன்றை ஈண்டுக் குறிப்பிடலாம்.

முதலாவது, இடம் பற்றியது. பாடம் கற்பிக்கப்படுவதோ கையின் தோலில். பகைவன் நுழைவதோ நுரையீரலின் காற்றறையில். தோல் வழி உண்டான நினைவணுக்கள் குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் உலவுகின்றன. நுரையீரலில் நிலையாகத் தங்குவன மிகச் சிலவே. ஆகவே, குருதி வழிப் பரவும் நுண்ணுயிரியை அவை எளிதில் மடக்குகின்றன. மூச்சு வழிப் புகுந்ததையோ காலந்தாழ்ந்தே எதிர்கொள்கின்றன. நுரையீரலில் நுண்ணுயிரி புகுந்தபின் டி-உயிரணுக்கள் அங்கு வந்து சேர ஏறத்தாழ இரு வாரங்கள் ஆவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. அதற்குள் பகைவன் வேரூன்றிவிடுகிறான்.

இரண்டாவது, சூழல் பற்றியது. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய் நுண்ணுயிரியின் உறவினம் பல வாழ்கின்றன. அவை பெரும்பாலும் நோய் செய்யா. ஆயினும் நம் உயிரணுக்களோடு இளமை தொட்டே பழகிவிடுகின்றன. செங்கற்பட்டுப் பகுதியின் வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் அவ்வுறவினத்துக்கு ஏற்கெனவே உணர்வு பெற்றிருந்தனர். முன்பே பழகிய உயிரணுக்கள் பி.சி.ஜி.யை விரைந்து அழித்துவிடுவதால் புதிய பாடம் பதிவதில்லை என்று சிலரும், அப்பழக்கமே ஓரளவு காப்பளிப்பதால் ஊசியின் கூடுதற் பயன் தெரிவதில்லை என்று சிலரும் கூறுவர். பிறந்தவுடன் ஊசி இடுவதன் தேவை இதனால் விளங்கும். வேறெதுவும் எழுதப்படாத பலகையில் முதலெழுத்து நன்கு பதியும்.

மூன்றாவது, காலம் பற்றியது. நினைவணுக்களின் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குன்றுகிறது. பிறந்தபோது கற்ற பாடம் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் மங்குவதில் வியப்பில்லை.

தொடரும் முயற்சிகள்

இக்குறைகளை நீக்க அறிவுலகம் அயராது உழைத்து வருகிறது. 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்க அறிஞர்கள் பி.சி.ஜி.யை ரீசசு குரங்குகளின் சிரைக்குள் நேரடியாகச் செலுத்தினர். பத்துக் குரங்குகளில் ஒன்பது காசநோயினின்று சிறந்த காப்புப் பெற்றன. அவற்றின் நுரையீரலில் டி-உயிரணுக்கள் மிகுதியாகக் குடியேறியிருந்தன. இடம் பற்றிய கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதை இது காட்டும். எனினும் உயிருள்ள நுண்ணுயிரியை மனிதரின் சிரையில் செலுத்துவது இடர் மிக்கது. ஆதலின் இஃது ஆய்வளவிலேயே நிற்கின்றது.

வளரிளம் பருவத்தில் மீண்டும் ஒரு முறை பி.சி.ஜி. இட்டால் பயன் உண்டா எனத் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்தனர். 2018இல் வந்த முடிவு நம்பிக்கையூட்டியது. அதனினும் பெரிய ஆய்வு 2025இல் அந்நம்பிக்கையை உறுதி செய்யவில்லை. எம்-72 எனப்படும் புதிய தடுப்பூசி, முன்பே நுண்ணுயிரி தங்கியுள்ள பெரியவரிடத்து ஏறத்தாழப் பாதியளவு காப்பளித்ததாக 2019இல் அறிவிக்கப்பெற்றது. அதன் இறுதிக்கட்ட ஆய்வு 2024இல் தொடங்கியது. நூறாண்டு கடந்த பி.சி.ஜி.க்குத் துணையாக ஒரு தடுப்பூசி வருமா என்பதை அதன் முடிவே சொல்லும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கையிலுள்ள வடு நமக்குணர்த்தும் உண்மை இரண்டு எனத் தெளிகின்றோம். ஒன்று: பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. இடுதலை ஒரு நாளும் தவிர்த்தல் கூடாது. வீட்டில் நிகழும் பிரசவமாயினும், ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பமாயினும், ஓராண்டு நிறைவதற்குள் இட்டுவிடுதல் பெற்றோர் கடன். மற்றொன்று: அவ்வடு வாழ்நாள் கவசமன்று. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை, சளியில் குருதி ஆகியவை தோன்றினாலோ, "எனக்கு ஊசி போட்டிருக்கின்றதே" என்று வாளா இருத்தல் பெருந்தவறு. உடனே சளிச் சோதனை செய்து கொள்ளல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்நோயைக் குடும்பத்திற்கு நேர்ந்த இழுக்கெனக் கருதி மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. மகளின் திருமணம் தடைப்படுமே என்று தாய் தன் இருமலை மறைக்கின்றாள். வேலை போய்விடுமே என்று தந்தை மறைக்கின்றான். மறைக்கப்பட்ட ஒவ்வோர் இருமலும் அவ்வீட்டுக் குழந்தையின் உயிரணுக்கள்மீது ஏவப்படும் படையாகும். காசநோய் ஒழுக்கக்கேட்டால் வருவதன்று, காற்றில் வருவது. முறையாக மருந்துண்டால் தீருவது. சமுதாயப் பெரியோர் இதனைத் தத்தம் ஊரவைகளில் எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் விளக்குதல் வேண்டும். மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லங்களில் முதற்குரல் எழுப்புதல் வேண்டும்.

உயிரணுக்கள் தனித்து நின்று இந்நோயை வெல்வதில்லை. ஒன்றுக்கொன்று செய்தி சொல்லி, கூடி நின்றே வெல்கின்றன. மக்களாகிய நாமும் அவ்வாறே செய்தி சொல்லிக் கூடி நிற்போமாயின், எலும்புருக்கி என்னும் பெயர் நம் வருங்காலத் தலைமுறையினர்க்கு அகராதியில் மட்டுமே காணும் பழஞ்சொல்லாகிவிடும்.